மண் நுழையாத வீடு

"நான் இருக்கிற வரைக்கும் இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு சிட்டிகை மண்ணு நுழையாது. வேணும்னா எழுதி வச்சுக்கோங்க" என்று லேப்காரர் அறிவித்தபோது அவர் நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே ஒரு மண்புழு, அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாமல், கூடத்தைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தது.

எழுதி வைக்க யாரும் முன்வரவில்லை. அவர் மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து, புழுவை ஒரு வெட்டுத் துணியில் வாரி, அது புறப்பட்டு வந்த ஜன்னலோரத் தொட்டியிலேயே விட்டாள். சோபாவில் சாய்ந்திருந்த அவள் தம்பிக்கு ஒரு சந்தேகம்.

"அப்ப நாளைக்கு உங்களை எங்க மாமா புதைக்கிறது? தண்ணியிலயா?"

"நக்கல் பண்ணாத மாப்ள. பாத்துக்கிட்டே இரு."

இப்படி ஓர் அருவருப்பை அவரிடம் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மீசை அரும்பும் வயதில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்து, அது நரைக்கும் வரை, பிறர் உடம்பிலிருந்து வெளியேறும் சகல திரவங்களையும் திடங்களையும் கைநீட்டி வாங்கி வைத்தவர். மூடி சரியாக மூடாத டப்பாவை யாராவது நீட்டினால்கூட முகம் சுளிக்காமல், "பேரு எழுதிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். ஊரார் வயிற்றுப் புழுக்களின் முட்டையைப் பார்த்தே இன்ன சாதிப் புழு என்று சொல்லிவிட்டு, அந்தக் கையோடு டீ குடிப்பார். அவருக்கு முன்பே அவருடைய மூக்கு ஓய்வுபெற்றுவிட்டது.

மண் மட்டும் ஆகாது. அது யாரிடமிருந்து வந்தது, என்ன தேதி, ஒரு விவரமும் மேலே ஒட்டியிருப்பதில்லை. வீட்டுப் பால் பாத்திரத்துக்கே தேதிச் சீட்டு ஒட்டுகிற மனிதர் இதை எப்படிப் பொறுப்பார்? மனைவி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினால், ஈரத்துணியோடு பின்னாலேயே போய், ஜன்னல் விளிம்பில் சிந்தியதைத் துடைப்பார்.

ஆகவே, மண்ணில்லா விவசாயம்.

கூடத்தின் நீளத்துக்கு ஒரு பிவிசி குழாய் வந்து படுத்தது. அதில் வட்ட வட்டமாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும், லேபில் சிறுநீர் பிடித்துத் தருகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று. எல்லாம் புதுசு என்று லேப்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சுக்குள் செடி. கீழே ஒரு தொட்டி. மீன்தொட்டி மோட்டார் தண்ணீரை மேலே தள்ளும். அது சத்துப்பொடியோடு வேர்களை நனைத்தபடி குழாயில் ஓடி, மறுமுனை வழியாகத் தொட்டிக்கே திரும்பும்.

"ரத்த ஓட்டம் மாதிரி" என்று விளக்கினார்.

"அதாவது, குளிச்ச தண்ணியிலயே திரும்பத் திரும்பக் குளிக்கிறது" என்று மைத்துனன் புரிந்துகொண்டான்.

கடைக்காரர் முதலில் கறுப்புத் தொட்டியைத்தான் எடுத்துப் போட்டாராம். லேப்காரர் தொடவில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியாத பாத்திரத்தை அவர் எந்நாளும் நம்பியதில்லை. கண்ணாடிபோலப் பளபளக்கும் தொட்டியாகப் பார்த்து வாங்கி வந்தார். மனைவியின் செடிகள் பிடுங்கப்பட்டு, துகள் மண் இல்லாமல் வேர் அலசப்பட்டு, டப்பாக்களில் நிறுத்தப்பட்டன. பழைய தொட்டிகள் கொல்லைப்பக்கம் போயின. மண், புழுவோடு சேர்ந்து தெருமுனைக் குப்பைக்குப் போனது. வெயிலுக்குப் பதிலாக மேலே ஓர் ஊதா விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் வீட்டில் யாரைப் பார்த்தாலும் உடனே ஒரு டெஸ்ட் எடுக்கலாம்போல இருந்தது.

தொட்டி வெளிப்படையாக இருந்ததால் வெளிச்சம் தாராளமாக உள்ளே இறங்கியது. வெளிச்சம் போன இடத்துக்குப் பாசியும் போனது. முதலில் இளம்பச்சை, பிறகு கரும்பச்சை, அப்புறம் பெயர் வைக்கத் துணிச்சல் வராத ஒரு நிறம். தண்ணீரின்மேல் ஜலதோஷக்காரனின் கைக்குட்டையில் காண்பதுபோன்ற ஒரு படலம். அதன்மேல் சின்னஞ்சிறு ஈக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறின. நாற்றத்தைப் பற்றி விரிவாக எழுத எனக்கு ஆசைதான், வாசகர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

லேப்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூக்குதான் ஓய்வில் இருக்கிறதே.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கூடம்தான் மனைவியின் தையல் கடையும். அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தாள்.

"ஏம்மா, எலி ஏதாவது செத்துக் கெடக்கா?"

"இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் செடி வளக்கறாரு."

"செடியா?" என்றவள் தைக்கக் கொடுப்பதற்காகக் கொண்டுவந்த துணியைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தாள். "இன்னும் நாள் இருக்கு. அப்புறமா வரேன்." அப்புறமாக அவள் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வராமல் போனார்கள்.

அன்று மனைவி கணவரிடம் பேசினாள். "ஏங்க, இந்த மெஷின் ஓடினாத்தான் எனக்கு மூச்சு ஓடும். இந்தக் கருமத்தை எடுத்துடுங்க."

"அவசரப்படாத. டெஸ்ட் பண்ணாம ஒரு முடிவுக்கு வரக்கூடாது."

டெஸ்ட் செய்தார். சிறுநீரில் முக்கிப் பார்க்கிற வண்ணப் பட்டையைத் தொட்டியில் முக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நோயாளியின் உறவினர்களிடம் பேசும் குரலில் முடிவைச் சொன்னார். "சர்க்கரை இல்ல. ரத்தம் இல்ல. நைட்ரைட் மட்டும் பாசிட்டிவ். கிருமித் தொற்று."

"தொட்டிக்கு நீர்க்கடுப்பா மாமா?" என்றான் மைத்துனன். "நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க."

தொட்டி அதையும் செய்து பார்த்தது. வேர்களும் வழவழப்பும் சேர்ந்து ஒருநாள் குழாயை அடைத்துக்கொண்டன. மோட்டார் விசுவாசமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. போக வழியில்லாத தண்ணீர் டப்பாக்களின் ஓரமாகப் பொங்கி, மெஷினுக்கடியில் வெட்டிப் பரப்பியிருந்த வெள்ளைத் துணிகளின்மேல் பச்சையாக இறங்கியது. அவளிடம் மிச்சமிருந்த ஒரே வாடிக்கைக்காரியின் துணி அது.

மனைவி மெஷினுக்கு உறை மாட்டினாள். "நாளைக்குத் தம்பி வண்டி கொண்டு வரான். மெஷின் அவன் வீட்டுக்குப் போகுது. நான் மெஷினோட போறேன். நீங்க உங்க தொட்டியோட இருங்க."

அவள் அறைக்குள் போனதும் லேப்காரர் கையுறை மாட்டிக்கொண்டு குழாயின் மூடியைத் திருகினார். உள்ளேயிருந்து, குளியலறைச் சாக்கடையில் சிக்கும் முடிக்கற்றைபோல ஒன்று, பழுப்பாக, மெதுவாக, தானாகவே வழுக்கி வந்து அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அவர் குனிந்து பார்த்தார். ஓய்விலிருந்த மூக்கு அந்தக் கணத்தில் வேலைக்குத் திரும்பியது. ஊரே கொண்டுவந்து கொடுத்ததை எல்லாம் சுளிக்காமல் வாங்கிய மனிதர், வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். அவர் வாந்தி எடுக்கும் ஓசை அறைக்குள் இருந்தவளுக்கும் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் மாலை மைத்துனன் வண்டியோடு வந்தபோது, கூடத்தில் குழாய் இல்லை, தொட்டி இல்லை, ஊதா வெளிச்சமும் இல்லை. தரை கழுவப்பட்டிருந்தது. லேப் நாட்களில் அவர் ரத்த மாதிரிகளைக் கொண்டுபோன ஐஸ் பெட்டி திறந்திருந்தது. அதன் விளிம்புவரை தெருமுனையிலிருந்து அள்ளி வந்த கறுப்பு மண். கொல்லையிலிருந்து திரும்பி வந்த தொட்டி ஒன்றின் முன்னால் லேப்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையுறை இல்லை. அழுகியவற்றில் தேடித்தேடி அவர் மீட்ட ஒற்றைக் கிளை, விரல்நீள வெள்ளை வேரோடு, மடியில் கிடந்தது.

ஐஸ் பெட்டிக்குள் ஏதோ நெளிந்தது. லேப்காரரின் பார்வை ஒருமுறை நாற்காலிப் பக்கம் போனது. பிறகு இரண்டு விரலால் அதை எடுத்துத் தொட்டியில் விட்டு, மேலே ஒரு பிடி மண்ணைப் போட்டு மூடினார்.

அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, வந்து மெஷின் உறையைக் கழற்றினாள். வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த தம்பிக்கு விஷயம் புரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"மாமா, தரையெல்லாம் என்னமோ சிந்தியிருக்கு."

"தெரியும் மாப்ள" என்றார் லேப்காரர், தலை நிமிராமல். "இருக்கட்டும்."