இரண்டாவது திரை

நின்ஃபா ஓவேலாருக்குக் கண் மங்குகிற சேதி முதலில் மூன்றுக்கும் எட்டுக்கும்தான் தெரிந்தது. இரண்டும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அசுன்சியோனில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில், வந்திறங்கும் சரக்குக்கு வரிக் குறியீடு போடுவது அவள் வேலை. மூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு விழுந்தால் பிளாஸ்டிக் வாளி ஆஸ்பத்திரிச் சாமான் ஆகிவிடும். லாரி எல்லையில் நிற்கும். முதலாளி தொண்டை கிழியக் கத்துவார்.

பார்வையின் நடுப்பகுதி மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, பெரிய எழுத்தாக வைத்துப் படியுங்கள் என்று சொல்லிக் கண் மருத்துவர் அனுப்பிவிட்டார். இதை நின்ஃபா தன் தம்பி எவெலியோவிடம் மட்டும்தான் சொன்னாள். பாசத்தால் இல்லை. அவனால் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் சொல்லாததற்குக் காரணம் ரொலோன். அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர். காது மந்தமானதும், தோல் உறை போட்ட நல்ல தெர்மாஸ் ஒன்றில் அவர் பெயரைப் பொறித்துக் கையில் கொடுத்து, கறி சுட்டு விருந்து வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாழ்த்து அட்டையில் நின்ஃபாவும் கையெழுத்துப் போட்டாள். அதிலிருந்து அங்கே யாருக்காவது சீட்டுக் கிழிந்தால் "தெர்மாஸ் குடுத்துட்டாங்க" என்றுதான் பேச்சு. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கையில் தெர்மாஸ் வாங்க நின்ஃபா தயாராக இல்லை.

பிறகு அலுவலகம் சுருங்கியது. மாடியைக் காலி செய்து, ஆளுக்கொரு புது லேப்டாப் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். பழைய மானிட்டர்களைப் படிக்கட்டுக்குக் கீழே குவித்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நின்ஃபா அதில் ஆகப் பெரியதைப் பொறுக்கி, டாக்சி பிடித்து லம்பாரேயிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோனாள். குப்பையைச் சுமக்கிறாளே என்று சிரித்தார்கள். அது குப்பை இல்லை, தன் மிச்சப் பார்வை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது, அது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற வேலை என்று. மானிட்டரின் கேபிளுக்குக் கட்டைவிரல் தடிமனில் நீலத் தலை, உள்ளே ஊசி ஊசியாகக் கம்பிகள், இரு பக்கமும் திருகுகள். லேப்டாப்பின் விளிம்பிலோ பயறு நுழைகிற அளவில் இரண்டு பொந்துகள்.

எவெலியோவுக்கு வாராவாரம் எல்லையோர ஊரான சியுதாத் தெல் எஸ்தேக்கு பஸ் ஏறிப்போய்ச் சாமான் வாங்கி வந்து விற்கிற பிழைப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு எங்கள் தெருவில் அவன்தான் சாட்சி. எல்லைக்குப் போகிறவனிடம் தெருவே ஆளுக்கொரு சாமான் சொல்லி அனுப்பும். அதற்கு ஒரு மரியாதை உண்டு: வந்தது தப்பாக இருந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. அவன் மெனக்கெட்டுச் சுமந்து வந்திருக்கிறான், வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். இந்த மரியாதையால் எத்தனையோ வீடுகளில் பொருந்தாத செருப்புகள் கிடக்கின்றன.

அவன் இரண்டு அடாப்டர் கொண்டுவந்தான். லேப்டாப்பின் சி டைப் பொந்திலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு ஒன்று, அங்கிருந்து நீலத் தலைக்கு ஒரு சின்னப் பெட்டி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. திரைதான் கறுப்பாகவே கிடந்தது. அந்தப் பெட்டி பழைய கம்ப்யூட்டரைப் புது டிவியில் காட்டுவதற்கானது. படம் அதில் ஒரு திசையில்தான் போகும்; இவளுக்கு வேண்டியதோ எதிர்த்திசை. இதைக் கண்டுபிடிக்கவே எவெலியோவுக்குப் பாதி நாள் போயிற்று. நின்ஃபா முகம் சுளிக்கவில்லை. நன்றி சொன்னாள். தெருவின் மரியாதையைக் காத்த அதே வாயால், அடுத்த வாரம் போகும்போது மறக்காமல் இன்னொன்று வாங்கிவா என்றும் கெஞ்சினாள்.

அடுத்த வாரம் சரியான பெட்டி வந்தது. திரை ஒருதரம் நீலமாகி, நடுங்கி, நின்றது. அடாப்டர் பொந்தில் கொஞ்சம் ஆடியதால், குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் குடிக்கிற தெரெரே இலையின் காலிப் பாக்கெட்டை மடித்து அதற்கு முட்டுக் கொடுத்தான் எவெலியோ. நின்ஃபா எழுத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். மூன்று மூன்றாக நின்றது, எட்டு எட்டாக நின்றது. அவள் அழுதாள். தூசி விழுந்துவிட்டது என்றாள். அவன் நம்பியது போல் இருந்தான்.

அப்படியே ஓடியிருக்கும். ஆனால் அலுவலகத்தில் பணியாளர் பிரிவைப் பார்க்கிற தெர்லிஸ் என்ற இளைஞன் எல்லோருக்கும் கடிதம் அனுப்பினான்: குறியீட்டுப் பிரிவில் இருப்பவர்கள் இனி வருடத்துக்கொரு தேர்வு எழுத வேண்டும். வீட்டிலிருந்தே எழுதலாம், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், தேறாதவர்கள் வேலையில் நீடிக்க முடியாது. கடைசியில் ஒரு வரி: உடல்நலக் குறை எதுவும் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும். அந்த வரியையும் நின்ஃபா பெரிய எழுத்தில் தெளிவாகவே படித்தாள். பொறி என்று நினைத்தாள். ரொலோனிடமும் முதலில் இப்படித்தானே அன்பாகக் கேட்டார்கள்.

தேர்வன்று காலை எவெலியோ சமையலறையில் தெரெரே கலக்கிக்கொண்டிருந்தான். தேர்வைத் திறந்ததும் ஒரு பெட்டி முளைத்தது: இரண்டாவது திரை இணைக்கப்பட்டுள்ளது, அகற்றினால்தான் தொடர முடியும். அவள் கூப்பிட, எவெலியோ வந்து பார்த்தான். லேப்டாப்பை மூடிவிட்டால் பெரியது மட்டும் ஒரே திரையாக நிற்கும் என்று யோசனை சொன்னான், மூடினான். மானிட்டரில் உடனே இன்னொரு பெட்டி: கேமராவைக் காணோம். லேப்டாப்பின் கண் அதன் மூடியில் இருக்கிறது. அது திறந்திருந்தால் இவள் கண் மூட வேண்டும். இவள் கண் திறக்க அது மூட வேண்டும். இப்படி ஒரு தேர்வைச் செய்தவன் நன்றாக இருக்கட்டும்.

தெர்லிஸ் போனில் வந்தான். ஏன் இன்னும் தொடங்கவில்லை என்றான். பெரிய திரை ஒன்று மாட்டியிருக்கிறது என்றாள்.

"அதை எதுக்கு மாட்டியிருக்கீங்க, நின்ஃபா அக்கா? காரணம் இருந்தா சொல்லுங்க, நான் எழுதி அனுமதி வாங்கறேன்."

கண் என்ற வார்த்தை அவள் வாய்வரை வந்தே விட்டது. எவெலியோ அவள் தோளைத் தொட்டு, சொல்லு என்று தலையை ஆட்டினான்.

"காரணம் ஒண்ணுமில்ல தம்பி. சும்மா கெடந்துச்சு, மாட்டினேன். கழட்டிடறேன்."

கழற்றினாள். சின்னத் திரையில் எழுத்துகள் எறும்பு மொய்த்தது போல் இருந்தன. பெரிதாக்கப் பார்த்தாள், தேர்வு விடவில்லை. மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்தாள். பதில் தெரியாத கேள்வி ஒன்றும் இருந்திருக்காது, கேள்விதான் தெரியவில்லை. நேரம் ஓடியது. கதவோரம் நின்று பார்த்த எவெலியோவுக்குப் பொறுக்கவில்லை. கேமராவுக்குப் படாமல் தரையில் தவழ்ந்து வந்து, அவள் முழங்காலருகே பக்கவாட்டில் தலையை நீட்டி, கேள்விகளைக் கிசுகிசுவென்று படித்துச் சொன்னான். அவள் பதில்களைத் தட்டினாள். கேள்வியை மட்டும்தான் படித்தான். பதில் அவனுக்கு எங்கே தெரியும்? வாளிக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற ஆள் அவன்.

தேர்வில் நின்ஃபாதான் முதல். மறுநாள் தெர்லிஸ் அவளை நேரில் வரச் சொன்னான். பதிவைப் போட்டுக் காட்டினான். திரை நிறைய அவள் நரைத்த உச்சந்தலை. அடியில் ஓர் ஆண் குரல்.

"வீட்டுல யாரோ பதில் சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்படித்தானே?"

இரண்டு வழி இருந்தது. கண் தெரியவில்லை, கேள்வியைத்தான் படித்தான் என்று சொல்லலாம். அல்லது ஆமாம் என்று தலையை ஆட்டலாம். குருடி என்று அனுப்பினால் அது தெருவுக்கெல்லாம் தெரிந்த குறை, சாகும்வரை கூட வரும். திருடி என்றால் நாலு நாள் பேசுவார்கள், பிறகு மறப்பார்கள். அன்று அவள் போட்ட கணக்கு அது. என்ன புத்தியோ.

"ஆமா. என் தம்பிதான் சொல்லிக் குடுத்தான்."

தெர்லிஸ் முகத்தைத் தடவிக்கொண்டான். அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது போலும்.

"உங்கள எனக்குப் புரியலக்கா. உங்க பிரிவுலயே ஃபெலீசியாவுக்கு கண்புரை. ஒரு வார்த்தை சொன்னாங்க, இங்கயே பெரிய ஸ்கிரீன் வெச்சு எழுத வெச்சோம். சுமாராத்தான் எழுதினாங்க, வேலைல இருக்காங்க. உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. எதுக்கு இந்த வேலை?"

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் சொன்ன பொய்யைத் திரும்ப விழுங்க அவளுக்குத் தொண்டை இல்லை. லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மோசடி என்று எழுதி அனுப்பினார்கள், தெர்மாஸ்கூடக் கிடைக்கவில்லை.

விஷயம் தெருவுக்கு வந்தபோது அடி எவெலியோ மேல் விழுந்தது. அக்காள் வேலைக்கு உலை வைத்தவன் என்றார்கள், கடைக்காரன் அவனை "வாத்தியாரே" என்று கூப்பிட்டான். நான் கேள்வியைத்தான் படித்தேன் என்று அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் படித்தாய் என்று கேட்பார்கள். அக்காள் ரகசியத்துக்காகத் தன் வாயைக் கட்டிக்கொண்டான். அந்த வாயை நம்பித்தான் அவன் பிழைப்பே இருந்தது. சாமான் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அடுத்த வாரம் எல்லையிலிருந்து வந்தவன் ஒரு புதுக் கேபிளை நீட்டினான். ஒரு பக்கம் சி டைப், மறுபக்கம் நீலத் தலைக்கான வாய், நடுவில் பெட்டி கிடையாது, ஆடவும் ஆடாது. வேறு எங்காவது வேலை கிடைத்தால் ஆகும் என்றான். அதற்குமேல் மனம் கேட்காமல், அவன்தான் பதில் சொல்லிக் கொடுத்தான் என்று அலுவலகத்தில் தான் சொன்னதை அவனிடம் சொன்னாள். அவன் தெரியும் என்றான்.

மானிட்டர் இன்னும் ஓடுகிறதா பார்ப்போம் என்று பொத்தானை அழுத்தினான். கேபிளின் மறுமுனையில் மாட்ட லேப்டாப் இல்லை. கறுப்புத் திரையின் நடுவே, விரல் நீள எழுத்தில், சிக்னல் இல்லை என்று வந்தது.

"படிக்க முடியுதாக்கா?"

"நல்லாத் தெரியுது," என்றாள் நின்ஃபா.