நான் பிரிக்கச் சொன்ன எஞ்சின்

என் நண்பன் ஒருவனை ஏமாற்றுக்காரன் என்று ஊர் நம்பும்படி செய்தேன். ஏமாற்றியவன் நான். தெரிந்தே செய்தேன். கார்ப் பந்தயத்தில் எனக்குக் கிடைத்த பெயரும், அந்தப் பெயரை வைத்துப் பின்னால் சேர்ந்த சொத்தும் அந்த ஒரு மாலையிலிருந்து தொடங்கியவை.

அப்போது எங்கள் இருவருக்கும் வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நான் பொறியியல் படித்துவிட்டு, மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகை பிடித்துப் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டிக்கொண்டிருந்தேன். நானே ஓட்டவும் செய்தேன். அவன் மாங்காட்டுக்காரன். அவன் அப்பாவுக்கு மல்லிகைத் தோட்டமும் ரோட்டோரத்தில் ஒரு பூ மண்டியும் இருந்தன. பறித்த மொட்டு விரிவதற்குள் வேனில் பூக்கடைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வேனை ஓட்டியவன் அவன். பூந்தமல்லி சாலையில் லாரிகளுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவே அவன் அதைக் கொண்டுபோன விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அன்றே, இவன் என்னைவிட நன்றாக ஓட்டுகிறவன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடம் நான் சொன்னதேயில்லை.

நாங்கள் ஓட்டியது சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில். தெருவில் டாக்சியாகப் போகிற அதே கார்கள்தான். கதவு, கூரை, எஞ்சின் எல்லாம் கம்பெனி தந்தபடியே இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. சிலிண்டரை அளவுக்கு மேல் கடைந்து பெரிதாக்கினால் வேகம் கூடும். அது குற்றம். ஆனால் எஞ்சினைப் பிரித்து அளக்காமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தோற்றவர்களில் யாராவது ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால்தான் பிரிப்பார்கள். எழுதிக் கொடுப்பவனை எங்கள் ஆட்கள் மதிக்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மொட்டைக் கடுதாசி போடுகிறவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்ப்பார்கள்.

அளவு மீறிக் கடைந்த எஞ்சின் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு பந்தயப் பருவம் முழுக்க அதில் ஓட்டி ஜெயித்தேன். பிறகு பயம் வந்துவிட்டது. எனக்கு விதிப்படி புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு, பழையதை அவன் காரில் மாட்டிக் கொடுத்தேன். அவனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. பூ வேன் ஓட்டியது போக மிச்ச நேரத்தில் பந்தயத்துக்கு வருகிறவன், எப்படியும் முதலில் வரப்போவதில்லை, யார் பிரிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் அவன் முதலில் வந்தான். நான் இரண்டாவது.

அன்று ஒரு டயர் கம்பெனியிலிருந்து வந்திருந்தார்கள். சம்பளமும் காரும் கொடுத்து ஓட்டவைக்க ஓர் ஆளைத் தேடினார்கள். ஜெயித்தவனைத்தான் எடுப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதாக வந்தவன் முன்கோபி. நான் அவன் பக்கத்தில் போய் நின்று, ஜெயித்த வண்டி நேர்கோட்டில் போகிற போக்கு சரியாகப் படவில்லையே என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. அவன் போய் எழுதிக் கொடுத்துவிட்டான்.

எஞ்சினைப் பிரிக்கப் போகிறோம் என்று அதிகாரிகள் வந்து சொன்னபோது என் நண்பன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், உன் மூஞ்சி ஏன் செத்துப்போச்சு? கழட்டிப் பாக்கட்டும். நீ கட்டுன எஞ்சின்ல இன்னா கீது?" என்று சிரித்தான்.

கழற்றினார்கள். அளந்தார்கள். நம்பாமல் இன்னொரு முறையும் அளந்தார்கள். அளவு மீறித்தான் இருந்தது. விசாரணை மறுநாள் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது பூ வேனில்தான் வந்தோம். உன் கை தப்பிப்போச்சா என்று கேட்டான். லேத்காரன் தவறாகக் கடைந்துவிட்டான் போலிருக்கிறது என்றேன். லேத்காரன் கடையும்போது பக்கத்தில் நின்று அளவு சொன்னவன் நான். அம்பத்தூர் ஏரிக்கரையில் அவன் வண்டியை ஓரம் கட்டினான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"நீ கட்டுனதுன்னு தெரிஞ்சா உன்னியும் தூக்கிருவானுங்க. ரெண்டு பேரும் மாட்டிக்கினா பட்டற இன்னா ஆவறது? நானே பண்ணேன்னு சொல்லிர்றேன். எனுக்குப் பூ வண்டி கீது. நீ ஓட்டு. ஆனா எங்கப்பா கிட்ட மட்டும் அப்பால நீ வந்து நெசத்தச் சொல்லணும்டா. நான் சொன்னா நம்பமாட்டாரு."

சொல்கிறேன் என்றேன்.

விசாரணையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டால் ஒரு வருடத்தில் விட்டுவிடுவார்கள் என்று நான்தான் அவனுக்குத் தைரியம் சொல்லியிருந்தேன். ஆயுளுக்கும் தடை என்று எழுதிவிட்டார்கள். பத்திரிகையில் நாலு வரி வந்தது.

அவன் அப்பாவைப் பார்க்க நான் போனேன். போகவில்லை என்று சொல்லமாட்டேன். மண்டியில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பூ வியாபாரத்தில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுவது சாதாரணம். அவர் அதைச் செய்யாதவர். அதனாலேயே அவரிடம் வாங்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். என் நண்பன் கூடையை இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நான் உட்காருவதற்குள் பெரியவர் மகனைப் பார்த்துப் பேசினார்.

"பூவுல தண்ணி தெளிச்சி எட போடாத கைடா இது. நீ போயி இரும்புல தெளிச்சிட்டு வந்து நிக்கிற."

அவன் என்னைப் பார்த்தான். நான் தராசைப் பார்த்தேன். டயர் கம்பெனியின் ஒப்பந்தத்தில் அந்த வாரம்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அதன்பின் அவர் மகனோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் அம்மா மூலம் சொல்லுவார். அவன் கல்யாணத்தில் விருந்தாளியைப் போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அன்று அவன் கைகழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்து, இப்போதாவது சொல்லு மச்சான் என்றான். இந்தப் பருவம் முடியட்டும் என்றேன். மண்டபத்தில் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு கூட்டமே காத்திருந்தது.

பருவங்கள் முடிந்தன. கோயம்புத்தூர், கல்கத்தா, கொழும்பு என்று ஓட்டினேன். ஓட்டுவதை நிறுத்தியபோது என் பெயரே மூலதனமாக இருந்தது. வேலப்பன்சாவடியில் கார் ஷோரூம், அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகத் தொழிற்சாலை, பூந்தமல்லியில் மனைகள், இளைஞர்களுக்குப் பந்தயப் பயிற்சிப் பள்ளி. பெரியவர் இறந்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். காரியத்துக்குப் போனேன். கடைசிவரை மகனோடு பேசவில்லையா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவன் மனைவி தானாகவே சொன்னாள், பேசவில்லை என்று.

தோட்டம் பங்காளிகளுக்குள் பிரிந்து விற்றுப்போனது. அவன் தண்ணீர் லாரி ஓட்டினான். பிறகு வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டினான். வயதான பிறகும் விட மனமில்லாமல் அதே கல்லூரிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

போன வருடம் கார்ப் பந்தயச் சங்கத்தில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்ததும், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த எஞ்சினைக் கட்டியது நான், அவன் என்னைக் காப்பாற்ற குற்றத்தை ஏற்றுக்கொண்டான், அந்த வெற்றி அவனுடையது என்றேன். என் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. ஆனால் தெரிந்தே கொடுத்தேன் என்பதையும், பிரிக்கும்படி தூண்டியதே நான் என்பதையும் அங்கே சொல்லவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மாங்காட்டுக்குப் போனேன்.

"வாங்க சார்" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். கல்லூரிப் பையன்கள் வேனில் அந்த வீடியோவைக் காட்டியதாகவும், நான் நன்றாகப் பேசியிருந்ததாகவும் சொன்னான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"அன்னிக்கு மூணாவது வந்தவன், சாவறதுக்கு முன்னால என்னிய கூப்ட்டு வுட்டு ஒண்ணு சொன்னான். கெளப்பிவுட்டதே நீங்கதான்னு. நான் நம்பல. சாவக் கெடக்குறவன்னு கூடப் பாக்காம அவன்கூட சண்ட போட்டுட்டு வந்தேன். இப்ப நீங்களே சொல்லுங்க."

"நான்தான்" என்றேன். "எஞ்சின் அப்படி இருந்ததும் எனக்கு முதலிலேயே தெரியும்."

அவன் மனைவி டீயோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். குடு, குடிச்சிட்டுப் போவட்டும் என்று அவன் அவளிடம் சொன்னான். நான் குடித்தேன். அந்த வீட்டில் வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

மறுநாளே எதையும் விடாமல் எழுதிச் சங்கத்துக்குக் கொடுத்தேன். பல மாதம் யோசித்து, எஞ்சின் விஷயத்தில் அவன்மேல் குற்றமில்லை என்று அந்தப் பந்தயத்தில் அவன் பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். தடையை நீக்கினார்கள். எனக்குக் கொடுத்த கௌரவத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இதையெல்லாம் அவனிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷம் சார் என்றான். அதில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அவன் அப்பாவின் திதி அடுத்த மாதம் வருகிறது என்று தெரியும். அன்று வந்து, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் அவர் படத்தருகில் நின்று உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வாணாம் சார். அவரு உசுரோட அத்தினி வருஷம் ரோட்டாண்டதான் உக்காந்துகினு இருந்தாரு. நீங்க அந்தப் பக்கமாத்தான் போவீங்க, வருவீங்க. வண்டிய நிறுத்தி எறங்கியிருந்தா போதும்."

திதிக்கு நான் போகவில்லை.