அக்கா எடுத்த லீவு

என் அக்கா மீன் ஆலையில் குடல் எடுக்கிறவள். கழுத்தில் தொங்கும் அட்டையில் அந்த வேலைக்கு வேறு ஏதோ கௌரவமான பெயர் போட்டிருக்கிறார்கள். பெயர் கிடக்கட்டும். ஓடுகிற பெல்ட்டில் மீன் வந்துகொண்டே இருக்கும். வயிற்றைக் கீற வேண்டும், விரலை விட்டு உள்ளே இருப்பதையெல்லாம் வழித்து வாளியில் தள்ள வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் இதேதான். என்னதான் கையுறை போட்டாலும் அந்தக் கவிச்சி நகக்கண்ணுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும்.

வீட்டுக்கு வந்தால் நேரே பின்பக்கக் குழாயடிக்குத்தான் போவாள். உப்பு, எலுமிச்சைத் தோல், துணி சோப்பு என்று போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை வெளுத்துக் கிடக்கும். பிள்ளைகள் இரண்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். அத்தான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டியே தொலைக்கலாம். பார்க்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஆலையின் பின்கதவைத் திறந்தால் கடல். கடலை ஒட்டியே செங்குத்தாக ஏறுகிற பெரிய மலை. டீ குடிக்கிற நேரத்தில் அக்கா அங்கே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பாளாம். உச்சியில் ஊரும் இல்லை கடையும் இல்லை, புல்லும் காற்றும்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த வருஷம் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும், எல்லோருமாக அங்கே போய்க் கூடாரம் போட்டுத் தங்கலாமா என்று அத்தானிடம் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று அவள் கேட்டது இது ஒன்றுதான். "ஒரு வாரமாவது மீன் வாடை இல்லாம மூச்சு விடணும்டி" என்று என்னிடம் சொன்னாள்.

அத்தான் உடனே சரி என்றார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாளே அவருடைய தம்பி வந்து இறங்கினான். அவனைக் கமாண்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வீட்டில் ஒரு துரும்பை நகர்த்த மாட்டான், வாயாலேயே ஊரை ஆளுவான். மலைமேல் ஓர் ஏரி இருக்கிறதாம், முழங்கை நீளத்துக்கு மீன் துள்ளுகிறதாம். அவ்வளவுதான், அண்ணனும் தம்பியும் கூடத்தில் தூண்டிலைப் பரப்பிவிட்டார்கள். கூடாரத்தைப் பற்றியோ போர்வையைப் பற்றியோ ஒருத்தரும் பேசவில்லை. காலையில் பிடிப்பது, மத்தியானம் சுடுவது, ராத்திரி மறுபடி பிடிப்பது, இதுதான் திட்டம்.

மீன் வேண்டாமே என்று அக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அத்தான் சிரித்தார். நாள் முழுக்க மீனோடு இருக்கிறவள் மீன் வேண்டாம் என்பாளா என்று கமாண்டரும் சிரித்தான். இவளுக்காகத்தான் இந்த ஏற்பாடே என்று இரண்டு பேரும் நிஜமாகவே நம்பினார்கள். அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்வது!

"உனக்கென்ன, கண்ண மூடிக்கிட்டே சுத்தம் பண்ணிடுவ" என்றார் அத்தான். பாராட்டாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தான் ஆலைக்குப் போன் போட்டு, வரும்போது ஒரு வாளி மீன் குடல் கொண்டு வரும்படி அக்காவிடம் சொன்னார். கடையில் விற்கிற இரைக்கு ஏரி மீன் ஏமாறாது என்று கமாண்டர் தீர்ப்புச் சொல்லிவிட்டானாம். இவளும் மறுக்கத் தெரியாமல் மூடி போட்ட வாளியில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். பிரேக் போட்டதில் மூடி நழுவிப் பாதி அவள் மடியிலேயே கொட்டியிருக்கிறது. பஸ்ஸே முகத்தைச் சுளித்திருக்கிறது. கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டார். இடுப்புக்குக் கீழே ரத்தமும் நிணமுமாக, கடைத்தெரு முழுக்க நடந்து வந்து சேர்ந்தாள். நான் அப்போது அவள் வீட்டில் பாத்திரங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அத்தான் எழுந்து வந்தார். அவளைப் பார்க்கவில்லை. வாளியை வாங்கி உள்ளே மூக்கை விட்டு மோந்தார். "அடடா, நல்லா புதுசா இருக்கே" என்று தம்பியிடம் காட்டினார். அவனும் குனிந்து மோந்தான். பிறகு அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சீ! பொண்டாட்டி கைக்கு ஜன்னல் திறக்கிற மூக்கு, அந்தக் கர்மத்தை என்னமோ பூ மாதிரி மோந்ததை என் கண்ணால் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள்.

அவள் குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. உடை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து, "நான் உங்ககூட வரல" என்றாள்.

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். உடம்புக்கு என்ன என்றாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப மீன யாரு சுத்தம் பண்றது?" என்றார் அத்தான்.

அக்கா கட்டி வைத்திருந்த மூட்டைகளுக்கு நடுவிலிருந்து கூடாரத்தை உருவினாள், ஒரு போர்வையை எடுத்தாள், சின்ன அடுப்பை எடுத்தாள். தூண்டில் பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கமாண்டர் பதறிப்போய், கூடாரம் இல்லாமல் நாங்கள் எங்கே படுப்பது என்று கேட்டான்.

"வீட்ல படுங்க" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நானும் துணைக்கு வருகிறேன் என்று பையைத் தூக்கினேன்.

"நீ வேண்டாம்டி. ஓயாம பேசிக்கிட்டே இருப்ப."

சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன், வாயைத் திறக்காமல். மலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், கையைக்கூட ஆட்டவில்லை.

லீவு முடிகிற அன்றைக்குத்தான் போன் வந்தது. உச்சியில் சிக்னல் இல்லையாம், கிடைக்கிற இடத்துக்கு இறங்கி வந்து பேசுகிறாளாம். பின்னால் காற்று இரைந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். புல்லும் காற்றும்தான், சொன்ன மாதிரியே இருக்கிறது என்றாள். "கையில வாடை இன்னும் போகலடி" என்றாள்.

உப்பு போட்டுத் தேய்த்தாயா என்று கேட்டேன்.

"போற வரைக்கும் இங்கதான் இருப்பேன்னு உங்கத்தான்கிட்ட சொல்லிடு" என்றாள்.