காற்றுக்குப் பிடித்த குதிரை

நேற்று முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் கருப்பட்டிக் காப்பி குடித்தேன். பேப்பர் கப்பைக் கீழே வைத்ததும் என் விரல் தானாகப் போய் அதன் விளிம்பை அமுக்கிக்கொண்டது. "கப்பு எங்கயும் ஓடிராது சார்," என்று கடைக்கார அண்ணாச்சி சிரித்தார். ஓடும் அண்ணாச்சி, கடல்காற்றைப் பற்றி எனக்குத் தெரியும்.

துறைமுகத்தில் ஒட்டிய பழக்கம் இது. நானும் திரேஸ்புரத்து ரூபனும் அங்கே மூட்டை எண்ணும் கிளார்க்குகள். மத்தியானச் சோறு முடிந்ததும் சுவரில்லாத ஷெட்டில் செஸ் போர்டை விரிப்போம். மலிவு பிளாஸ்டிக் காய்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. "ஏலே, குதிரையப் புடி, பறந்துரப் போவுது" என்பான் ரூபன். ஆளுக்கு இரண்டு மூன்று காய்களை விரலால் அமுக்கிக்கொண்டுதான் யோசிப்போம். அமுக்கிக்கொண்டே தோற்பது என் வேலை. அவன் ரேட்டிங் என்னுடையதைவிட முந்நூறு புள்ளி அதிகம். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட நான் ஜெயித்ததில்லை.

மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் எங்களையே எதிரெதிராகப் போட்டார்கள். ஜெயித்தால் அவனுக்கு மூன்றாம் இடம். அதைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பில் அதுதான் அவனுக்குக் கடைசி வருஷம். எனக்கோ ஜெயித்தாலும் தோற்றாலும் மதியச் சாப்பாடு உண்டு, அவ்வளவுதான்.

அவன் கைதான் ஓங்கியிருந்தது. யோசனையில் மூழ்கியவன், தன் ராணியை மறைத்து நின்ற குதிரையின் தலையில் விரலை வைத்து அமுக்கினான். தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது போட்டி விதி. குதிரை நகர்ந்தால் ராணி போச்சு. நான் கையைத் தூக்கிவிட்டேன். நடுவர் வந்தார்.

"காத்துக்குப் புடிச்சேன் சார், பழக்கம்," என்றான் ரூபன்.

"சன்னலெல்லாம் அடைச்சிருக்கு, இங்கன ஏதுய்யா காத்து?" நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நகர்த்தத்தான் தொட்டாரா?"

அந்த ஹாலில் அந்த விரலைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"ஆமா சார்," என்றேன்.

பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. ரூபன் எழுந்து கை கொடுத்தான். "நல்லா வெளாண்டலே."

எனக்குப் பதினோராவது இடம், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதில் ஒருநாளும் நான் சோறு கொண்டுபோகவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

மறுவருஷம் அவன் மஸ்கட்டுக்குப் போனான். பழைய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். நான் செல்போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறேன். என் ரேட்டிங் ரூபனுடையதைத் தாண்டிவிட்டது. சில நாள் பஸ்ஸில், "அவன் காத்துக்குத்தான் புடிச்சான் சார்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். அந்த நடுவரும் போன வருஷம் காலமாகிவிட்டார்.