டீச்சரின் கார் ஏன் நின்றது

எங்கள் தெருவில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான். எல்லாருக்கும் அவர் சிஐடி. பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டும் எனக்கும் அப்படியே. டீ வாங்கிக் கொடுத்தால், இவன் எதற்கு அடிபோடுகிறான் என்று பார்ப்பார். வாங்கிக் கொடுக்காவிட்டால், இவனுக்கு என் மேல் என்ன கோபம் என்று விசாரிப்பார்.

வண்டிக்காரர்கள் சொல்வதை அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. "பள்ளத்துல விடவே இல்லைங்க" என்று ஒருவர் சொன்னால், முதல் வேலையாக வண்டிக்கு அடியில் படுத்துப் பள்ளத்தில் விழுந்த காயத்தைத் தேடுவார். பாதி நேரம் அது கிடைத்தும் விடும். அதுதான் மனிதரைக் கெடுத்தது என்பேன். சந்தேகப்பட்டே தொழிலில் நல்ல பெயர் வாங்கியவர், கடையைப் பூட்டும்போது அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகத் தெரியாமல் வீட்டுக்கும் எடுத்துப் போனார்.

கடையில் அவருக்குத் துணை மனைவியின் தம்பி. சாமான் வாங்கி வருவது, கழற்றுவது, மாட்டுவது எல்லாம் அவன்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அக்காவுக்கு அவன் ஒரே தம்பி, பெற்றோர் போனபின் அவள் தூக்கி வளர்த்தவன். சிஐடி என்ன சொன்னாலும் "சரி மாமா" என்பான். இவ்வளவு சரி சொல்கிறவன் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று சிஐடி என்னிடமே கேட்டிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சரின் கார் வந்தது. வயதான கார், ஆனால் ஒழுங்காக வைத்திருந்தார். ஒரு மழைநாளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது; கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டினால் கிராங்க் சென்சார் என்று காட்டியது. இன்ஜின் சுற்றுகிற செய்தியை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சின்ன உருப்படி அது. அது வாயை மூடிக்கொண்டால் இன்ஜினும் நின்றுவிடும். பழைய சென்சார் உண்மையிலேயே செத்துப்போயிருந்தது. மைத்துனன் புதியது வாங்கி வந்து மாட்டினான். கார் சமர்த்தாகப் போனது.

அடுத்த பெருமழையில் மறுபடி நின்றது. அதே மஞ்சள் விளக்கு, அதே சென்சார்.

இந்த இடத்தில் சிஐடியின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். மற்ற எலக்ட்ரீஷியன்கள் வயர் வந்து சேரும் கனெக்டரில் மீட்டரை வைத்துப் பார்ப்பார்கள். இவருக்குக் கனெக்டர் மேலும் நம்பிக்கை கிடையாது. மீட்டர் கம்பியின் முனையில் ஒரு தையல் ஊசியைப் பற்றவைத்திருந்தார். இன்ஜின் ஓட ஓட வயரின் தோலுக்குள் அதைக் குத்தி, உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்ப்பார். டீச்சரின் காரை முதல் தடவையே அப்படிக் குத்திப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார். ஒருமுறை பார்த்தால் திருப்தி வராது. சக்கரத்துக்குப் பின்னால் போகும் அந்த வயரை இங்கே ஒரு குத்து, நாலு விரல் தள்ளி ஒரு குத்து என்று மறுபடி விசாரித்தார். வயர் சரியாகத்தான் பதில் சொன்னது. பிறகு குற்றவாளி யார்? சென்சார்தான். சென்சார் என்றால், அதை வாங்கி வந்தவன்.

"பெட்டி ஒரிஜினல்தான். உள்ள இருக்கிறது?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அதை நான் எப்படிங்க சொல்ல முடியும்?" என்றேன். அதற்கும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மைத்துனன் போய் இன்னொரு சென்சார் வாங்கி வந்தான். வெயில் அடித்தவரை கார் ஓடியது. மழை வந்ததும் நின்றது. இந்தத் தடவை பாலத்தின் நடுவில்.

டீச்சர் கடை வாசலில் நின்று சொன்னார். "பின்னாடி லாரி தம்பி. அவன் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

டீச்சர் ஆட்டோவில் ஏறிப் போனதும் சிஐடி மைத்துனன் பக்கம் திரும்பினார். கடையில் இரண்டு வண்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கையில் டயரோடு நின்றேன்.

"நல்ல சாமானை எங்க வித்தே?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன மாமா கேக்கறீங்க?"

"டூப்ளிகேட்டைப் பெட்டியில போட்டு எங்கிட்டயே கொண்டு வர்றியே, அந்த டீச்சர் செத்திருந்தா உன் அக்கா முகத்துல எப்படி முழிப்பே?"

அவன் கையைத் துடைத்தான். ஸ்பேனரை அதன் இடத்தில் வைத்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக "சரி மாமா" சொல்லாமல் போனான்.

வீட்டில் என்ன நடந்தது என்பது தெருவுக்கே தெரியும். அவர் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "அவன் எடுத்ததை நீங்க பார்த்தீங்களா?" அதன்பிறகு அந்த அம்மாள் சோறு போட்டார், பேசவில்லை. தம்பி மார்க்கெட் பக்கம் வேறு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான். அக்கா வீட்டுப் படி ஏறுவதில்லை.

சிஐடி தானே போய்ச் சென்சார் வாங்கினார். கடைக்காரர் முன்னாலேயே பிரித்து, சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்து, யாரையும் தொடவிடாமல் மாட்டினார். பிறகு வழக்கம்போல் ஊசியால் குத்திப் பார்த்தார். "இப்ப நிக்கட்டும் பார்க்கலாம்" என்றார்.

மழை பெய்தது, கார் நின்றது.

மனிதர் ஆடிப்போனார். சென்சார் கடைக்காரனைச் சந்தேகப்பட்டார். டீச்சர் வேண்டுமென்றே ஏதாவது செய்கிறாரா என்று யோசித்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இனிமே நான்தான் பாக்கி. என்னையும் கேட்டுடுங்க" என்றேன். அவர் வண்டிக்கு அடியில் போனார். நான் விளக்குப் பிடித்தேன்.

வயரைச் சுற்றியிருந்த குழாயை முழுதாகப் பிளந்து, டேப்பை உரித்தார். ஊசி போன இடமெல்லாம் சின்னச் சின்னத் துளை. சக்கரம் வாரியடித்த மழைத்தண்ணீர் ஒவ்வொரு துளையிலும் இறங்கி, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. விரலால் வளைத்தார். கம்பி பொடியாக உதிர்ந்தது. காய்ந்திருக்கும்போது எப்படியோ ஒட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறது. நனைந்தால் நின்றிருக்கிறது.

யார் குத்தியது என்று நான் கேட்கவில்லை. கேட்கத்தான் நாக்கு துடித்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. வெகு நேரம் வெளியே வராமல் அங்கேயே படுத்திருந்தார்.

வயரை மாற்றினார். கார் பிழைத்தது. மனைவியிடமும் சொன்னார். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவங்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார் அவர். தனியாகப் போக வெட்கப்பட்டு, சிஐடி என்னையும் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மைத்துனன் கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். இல்லை. "வாங்க மாமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"வயர்தான்டா. நான் குத்தின ஓட்டை" என்றார் சிஐடி. "உன் மேல ஒரு தப்பும் இல்ல. வந்துடு."

"பரவாயில்ல மாமா."

"வர்றியா?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார். இவன் அப்போதுதான் கடைக்குப் போய் ஏதோ பல்பு வாங்கி வந்திருந்தான் போல. உள்ளே போய்ப் பெட்டியை மேஜைமேல் வைத்தான். பெட்டியைத் திறந்து காட்டினான். பில்லை வைத்தான். பிறகு பேண்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து விட்டு நின்றான்.

முதலாளி எங்களைப் பார்த்துக் கூச்சப்பட்டார். "நான் ஒண்ணுமே கேக்கலையேப்பா. தினமும் எதுக்கு இப்படிச் செய்யறே?"

"இருக்கட்டும்ண்ணே. பார்த்துக்குங்க" என்றான்.

சிஐடி ஸ்டூலிலிருந்து எழுந்தார். மறுபடி அவனைக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.