கேட்டுக்குள் அவளுக்கு வேறு பெயர்

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் அக்காவுக்கு ஒரு பெயர். ஆம்பூர் பக்கம் நாங்கள் இருவரும் வேலைக்குப் போன ஷூ கம்பெனிக்குள் வேறு பெயர். கம்பெனி பஸ்ஸில் போகும்போது பெண்கள் தெருப் பெயரைச் சொல்லித்தான் அவளோடு வம்பளப்பார்கள். பஸ் கேட்டைத் தாண்டியதும், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எல்லோர் வாயிலும் அந்த இன்னொரு பெயர் வந்துவிடும். சாயங்காலம் வெளியே வந்தால் பழையபடி தெருப் பெயர். பதினான்கு வருஷத்தில் ஒருத்தர்கூட மாற்றிச் சொன்னதில்லை என்பார்கள். இரண்டு பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதி நான் செய்த கெடுதல் ஒன்றே போதும்.

அக்கா என் உடன்பிறந்தவள் அல்ல, எதிர் வீடு. கணவர் பவர்லூமில் லுங்கி நெய்கிறவர். கம்பெனிக்குள் அவள் சுமந்த பெயர் அவளுடைய சொந்த அக்காவுடையது. அந்த அக்காவை நான் பெரியக்கா என்பேன். வேலைக்குத் தேர்வானது பெரியக்காதான். சேரச் சொன்ன அதே வாரத்தில் நெமிலியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். கிடைத்த இடத்தை விடுவானேன்? பதினாறு வயதுத் தங்கையின் கையில் பெரியக்காவின் டி.சி.யைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. அண்ணி பெயரில் நாத்தனார், சித்தி பெயரில் மகள் என்று அப்போது எத்தனையோ பேர். தைக்கிற கை நன்றாக இருந்தால் போதும், போட்டோவை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

அக்காவின் கை மிக நன்றாக இருந்தது. ஷூவின் மேல் பாகத்தைத் தைக்கும் லைனில் அவளுக்குத் தெரியாத மெஷின் கிடையாது. அந்த லைனின் சூப்பர்வைசர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்து அக்காதான் என்று கம்பெனியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். பி.சி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, ஹெச்.ஆர். ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று வந்து சொன்னவளும் அவள்தான்.

எனக்கு அப்போது இருந்த வேகத்தை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஆதார் என்று எதைப் பற்றியும் என்னால் அரை மணி நேரம் பேச முடியும். பேசவும் பேசினேன். பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் போய், "ஆதார் ஜெராக்ஸ் குடுத்தா சும்மா குடுக்காதீங்க. இன்னாத்துக்குக் குடுக்கறோம்னு குறுக்கால எழுதிட்டுக் குடுங்க" என்பேன்.

"எம் புருசன் மேலயும் அப்படிக் குறுக்கால எழுதி உட்டுடலாமா பாப்பா? வேற எவளும் யூஸ் பண்ண முடியாதுல்ல?" என்றாள் கடைசி சீட்டில் ஒருத்தி. பஸ்ஸே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது அக்காதான்.

அந்தச் சமயத்தில் மேனேஜர் சார் என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்தார். ஒவ்வொரு தொழிலாளியின் முகத்தையும் போனில் காட்டச் சொல்ல வேண்டும். அது ஆதாரில் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் என் பட்டியலில் அந்த வரி பச்சையாகும். மூன்று வாரம் என்றார். நான் பத்தே நாளில் முடித்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியவர்கள் என்று ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்துப் பச்சையாக்கினேன். ஒரே ஒரு வரி சிவப்பு. பெரியக்காவின் ஆதார், அக்காவின் முகம்.

ஓய்வு பெறப் போகிற சூப்பர்வைசர் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு சொன்னார். "இதுக்குப் போய் இன்னாத்துக்கும்மா பேஜார் ஆவற? பெரியவள ஒரு நாள் வரச் சொல்லு. உன் போன்ல மூஞ்சக் காட்டட்டும், பச்சை ஆய்டும். வருகைப் பதிவு மெஷின்ல சின்னவ மூஞ்சி இருக்கட்டும். ரெண்டு மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கவா போவுது?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா வந்தாள். ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, வேலூரில் பஸ் மாறி வந்திருந்தாள். ஸ்டுடியோவுக்குப் போகிற மாதிரி முகத்துக்குப் பவுடர், புதுப் பொட்டு. அக்கா வீட்டுக் கூடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"பாப்பா, இங்க வெளிச்சம் போதுமா? வாசலுக்கு வரட்டுமா?"

நான் போனை எடுத்தேன். எடுத்து, கீழே வைத்துவிட்டேன்.

"வேணாங்க்கா. இது தப்பு."

அக்கா சிரித்தாள். "இன்னாடி தப்பு? பதினாலு வருஷமா இல்லாத தப்பு?"

"இன்னிக்குத் தப்பிச்சிடலாம்க்கா. நாளைக்கு வேற ஒண்ணு வரும். உம் பொண்ணு பொறந்தப்ப ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிப் பக்கம் போவ முடிஞ்சுதா உன்னால? நாளைக்கே நீ சூப்பர்வைசர் ஆனா, போர்டுல யார் பேரு எழுதுவாங்க? நீ அந்தக் கம்பெனியில இருக்கேன்றதுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்குதா?"

பெரியக்கா என் பக்கம் சாய்ந்தாள். "அவ சொல்றதும் சரிதானே. எம் பேரத் தூக்கிக்கினு இன்னும் எத்தினி நாளு அலையுவ?"

"நீ கம்முனு இரு. பேரு குடுத்தவளுக்கு இன்னா, நெமிலியில ஜோரா எருமை ஓட்டிக்கினு இருக்க." அக்கா என்னைப் பார்த்தாள். சிரிப்பு போயிருந்தது. "உண்மையச் சொல்லி வேலைக்கு ஏதாச்சும் ஆய்டுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. நான் இருக்கேன் இல்ல?"

சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது எனக்கு. என்ன தைரியத்தில் அந்த வார்த்தையைச் சொன்னேன்? இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெரிகிறது. நான் சொன்ன காரணங்களில் பொய் இல்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் அந்தச் சிவப்பு வரி இருந்தது. அதை ஏமாற்றிப் பச்சையாக்க எனக்கு மனசு வரவில்லை. சரியாகச் செய்து பச்சையாக்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அக்காவின் நல்லதும் என் ஆசையும் அன்றைக்கு ஒன்றாகவே தெரிந்தன. பிரித்துப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை.

அங்கேயே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். நல்ல கடிதம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, கம்பெனிக்கு எந்த நஷ்டமும் இல்லை, என் சொந்தப் பெயரிலேயே பணியைத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன். படித்துக் காட்டியபோது பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். பழக்கமில்லாததால் எழுத்துகள் கோணலாக விழுந்தன. "ஸ்கூல்ல போட்டது" என்றாள். பிறகு மூவரும் மக்கன் பேடா சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் சார் மேஜையில் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை. முழுவதும் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் வந்த முதல் வருஷமே தெரியும்மா. லைனுக்கே தெரியும், கேன்டீன்காரனுக்குத் தெரியும். இத எழுதி ஏன் குடுத்த? வாயால சொல்லியிருந்தா, சரி பாத்துக்கலாம்னு விட்டிருப்பேன். எழுதி, கையெழுத்து வாங்கி, தேதியும் போட்டிருக்க. நாளைக்கு ஆடிட்ல வந்தா நான் மறைச்சதா ஆகும். இனிமே மேல அனுப்பாம நான் எப்படி இருக்கறது?"

"வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"நீ வாங்கிக்கலாம். நான் படிச்சுட்டேனே."

மூன்றாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆள்மாறாட்டம் என்ற சொல் அதில் இருந்தது. போலீசுக்குப் போகவில்லை, நீண்ட காலம் உழைத்ததைக் கருணையோடு பார்க்கிறோம் என்றும் இருந்தது. பழைய பெயரில் ராஜினாமா செய்ய வேண்டும். விருப்பம் இருந்தால் சொந்தப் பெயரில் புதிதாக, பயிற்சியாளராகச் சேரலாம். முந்தைய பணிக்காலம் கணக்கில் வராது. மேனேஜர் சார் அவளுக்காக இரண்டு முறை போன் பேசினார். இந்தக் கருணை கிடைத்ததே அவரால்தான்.

ராஜினாமாவில் அக்கா பெரியக்காவின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். பேனா எங்கும் நிற்காமல் ஒரே இழுப்பில், சுழியெல்லாம் அழகாக விழுந்தது. பி.எஃப். பணம் பெரியக்கா பெயரில் வந்தது. அவள் ஒரு ரூபாய் தொடாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அதில் தகராறே இல்லை. போனது பணமில்லை. கம்ப்யூட்டரில் பழைய எண்ணை மூடியவளும் புது எண்ணைத் திறந்தவளும் நான்தான். பணிக்காலம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். முகத்தைக் காட்டினாள். ஆதாரோடு பொருந்தியது. பட்டியல் முழுக்கப் பச்சை.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மஞ்சள் கோட்டு. தைத்து வருகிறவற்றில் தொங்கும் நூலை வெட்டும் மேஜையில்தான் முதலில் உட்கார வைப்பார்கள். அக்காவையும் அங்கேதான் உட்கார வைத்தார்கள். அவள் கற்றுக்கொடுத்த பெண்கள் தைத்தது அவளிடம் நூல் வெட்ட வந்தது. ஒருத்தி தையலைப் பார்த்து, "அக்கா, சரியா இருக்குதா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். "நான் நூல் வெட்டறவடி, என்னக் கேட்டா?" என்றாளாம் அக்கா. சூப்பர்வைசர் இடம் அவளுக்கு அடுத்திருந்தவளுக்குப் போனது. அந்தப் பெண் இரண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள்.

பஸ்ஸில் சீனியர்களுக்குத்தான் சீட்டு. புதுசு நிற்க வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் அப்படித்தான். மஞ்சள் கோட்டு வாங்கிய மறுநாள் அக்கா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சீட்டுக்கு அடுத்த உரிமைக்காரி உட்காராமல் தவித்தாள். "உக்காருடி, வண்டி ஆடுது" என்று அதட்டி உட்கார வைத்தவளும் அக்காதான்.

எனக்கு ஆபீஸ் ஸ்டாஃப் என்பதால் முன்சீட்டு. எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். மன்னிச்சிடுக்கா என்று சொல்லத்தான் போனேன். அதற்குப் பதில் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேல்பட்டி வரைக்கும் இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

"பாப்பா" என்றாள் திடீரென்று. "புதுசா சேர்றவங்க சூப்பர்வைசர் ஆவறதுக்கு எத்தினி வருஷம் கேக்குறாங்க இப்போ?"

புதிய விதிமுறைகளை டைப் செய்தது நான். பன்னிரண்டு வருஷம். அதோடு, அந்தப் பதவிக்கு வரும்போது நாற்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. அக்காவுக்கு முப்பது.

"பாத்துச் சொல்றேங்க்கா" என்றேன்.

"ஆபீஸ்ல இருக்கறவ நீ. கரெக்டா பாத்துச் சொல்லு" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.