சிவக்கொழுந்தரின் பேசும் குடம்

பதினொரு வருசம் அந்தக் குடத்துக்குக் குரல் கொடுத்தவன் நான். மாலை விழுந்ததெல்லாம் சிவக்கொழுந்தரின் கழுத்தில். ஒரு நோட்டீசிலாவது என் பெயரைப் போட்டிருக்கலாம். கேட்டதற்கு, "குடம் பேசுது எண்டால் சனம் வரும். நடராசா பேசுறான் எண்டால் ஆர் வருவினம்?" என்றார்.

மனிசன் இணுவிலில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயில் திருவிழாக்களில் சீட்டு வித்தை காட்டிக் கொஞ்சம் பேர் எடுத்ததும், வீட்டு விறாந்தையில் 'மாயவித்தைப் பள்ளி' என்று பலகை தொங்கவிட்டார். மீசைக்கு மை. கொளுத்தும் வெயிலிலும் கறுப்புக் கோட். நான் தொண்டைமானாற்றில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன், எட்டாம் வகுப்போடு நின்றவன்.

ஒவ்வொரு தை மாதமும் புதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போல இல்லங்களாகப் பிரிப்பார். அக்கினி, வாயு, சமுத்திரம் என்று மூன்று இல்லம். பிள்ளை மேடையேறிப் பித்தளைக் குடத்தில் கை வைத்தால், குடம் அதன் மனதை அறிந்து இல்லத்தைச் சொல்லும். குடத்துக்குள் என் சின்ன ஸ்பீக்கர். திரைக்குப் பின்னால் நானும் மைக்கும், ஆருக்கு எந்த இல்லமென்று அவர் முதல்நாளே எழுதித் தந்த கடதாசித் துண்டும்.

மனதை அறிவதாம். அவர் அறிந்தது குறிச்சியை. பிள்ளை சேர வரும்போதே எந்த ஊர், எந்தக் குறிச்சி, தகப்பனுக்கு என்ன வேலை என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுவிடுவார். உத்தியோகத்தரின் பிள்ளைகள் அக்கினி. வாள் வித்தையும் கைதட்டும் அவர்களுக்கு. தோட்டக்காரரின் பிள்ளைகள் வாயு; அவர்களுக்குச் சீட்டு. கடற்கரைப் பிள்ளைகள் சமுத்திரம். திரை இழுக்கவும் பெட்டி தூக்கவும். பேர் மட்டும் பெரிசு. நானும் கடற்கரையான்தான். என் வாயாலேயே அவர்களைப் பெட்டி தூக்க அனுப்பினேன். அதற்கு என்னையும் காறித் துப்பலாம்.

போன வருசம் எங்கள் ஊர் மதுரா வந்தாள். தகப்பனோடு வலை முடிந்து பழகிய விரல்கள். ஒரு குத்திக் காசை உள்ளங்கையில் ஒளித்தாளென்றால் பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. வாள் வித்தை பழகவென்றே இரண்டு பஸ் மாறி வந்தவள். துண்டில் அவள் பெயருக்கு நேரே சமுத்திரம்.

அவள் குடத்தில் கை வைத்தாள். நான் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு "அக்கினி" என்றேன்.

சிவக்கொழுந்தரின் மீசை ஆடியது. குடம் ஒருநாளும் பிழைவிடாது என்று சற்று முன்தான் பெற்றோருக்கு முன்னால் முழங்கியிருந்தார். இப்போது என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கையில் அக்கினி இல்லத்தின் சிவப்புப் பட்டியைக் கட்டினார். என்னோடு ஆறு மாதம் கதைக்கவில்லை. ஆனியில் நடந்த விழாவில் மதுரா பெட்டிக்குள் வாளைச் செருகி எடுத்தபோது சனம் எழும்பி நின்றது. உடனே அவரும் மேடையேறி, எல்லாம் தன் பயிற்சி என்றார். வெட்கம் கிட்டவும் வராத மனிசன்.

மார்கழியில் நெஞ்சு வருத்தம் என்று தெல்லிப்பழை ஆசுபத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன். மதுராவின் விசயத்தில் ஏதோ மனம்விட்டுச் சொல்லப்போகிறார் என்று நினைத்த நான் ஒரு விசரன். கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் கிட்ட வரச்சொன்னார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"தம்பி, என்ரை மகளின்ரை பெட்டை நிவேதனா வாற தை சேருறாள். அவளின்ரை கையிலை ஒரு வித்தையும் நிக்காது. துண்டு எழுத நான் இருக்கமாட்டன். நீ குடத்துக்கு ஒருக்காச் சொல்லிவிடு, அக்கினி எண்டு."